படித்த கதையை யாருக்குக் கொடுப்பது?



கதை படிப்பவர்கள் இருவர் சந்தித்தால், நலம் விசாரித்து முடித்தவுடன் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "அண்மையில் என்ன படித்தீர்கள்?" என்பதே அது. ஒருவர் ஒரு நாவலின் பெயரைச் சொல்வார்; மற்றவர் இன்னொன்றைச் சொல்வார்; "அப்படியா, தேடிப் படிக்கவேண்டும்" என்று இருவரும் சொல்லிக்கொண்டு பிரிவார்கள். பெரும்பாலும் இருவருமே தேடிப் படிப்பதில்லை.

இன்றைய உரையில் அதற்கு அடுத்து வரவேண்டிய கேள்வியைப் பற்றிப் பேச விரும்புகிறோம். "படித்த கதையை யாருக்குக் கொடுத்தீர்கள்? ஏன் அவருக்குக் கொடுத்தீர்கள்?" என்பதே அக்கேள்வி. இதற்கு விடை சொல்லப் புகுந்தால் இரண்டு செய்திகள் வெளிப்படும். அந்தக் கதையை நாம் எவ்வளவு புரிந்துகொண்டோம் என்பது ஒன்று. நம்மைச் சுற்றியுள்ள மனிதர்களை எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறோம் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது பாடத்தில் நாங்கள் ஒருமுறைக்கு மேல் தோற்றிருக்கிறோம். அதையும் மறைக்காமல் சொல்லப்போகிறோம்.

'நாங்கள்' என்பது யார் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். எங்களுடையது ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் இப்பொழுது செம்பனை நிற்கிறது. லயங்களில் குடியிருக்கும் நம்மவர் குடும்பங்கள் பன்னிரண்டுதான். மற்றவர்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் வந்து படித்துச் செல்கிறார்கள். இப்பள்ளியின் ஆசிரியர்கள் நால்வர், பாலர்பள்ளி ஆசிரியை ஒருவர், பேருந்து ஓட்டுநர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர் என எழுவர் சேர்ந்து, ஒவ்வொரு மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கூடுகிறோம். தேநீர் உண்டு, சில நாள்களில் வடையும் உண்டு. ஒவ்வொருவரும் அம்மாதம் படித்த ஒரு கதையைப் பற்றிப் பேசவேண்டும். இதுதான் எங்கள் வட்டம்.

இது நாங்கள் கண்டுபிடித்த புதுமை அன்று. முன்பு தோட்டங்களில் தமிழ்ப் பத்திரிகை ஒன்று வந்தால், அது ஒரு வீட்டுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் ஒருவர் வாசலில் அமர்ந்து படிப்பார், சுற்றியிருப்பவர்கள் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கதையைத் திங்கட்கிழமை பால்மரத்தடியில் பேசுவார்கள். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019இல் நின்றபோது, எங்கள் மண்டோர் ஐயா பெருமூச்சு விட்டுச் சொன்னது இதைத்தான்: "பேப்பர் நின்னது ஒரு பக்கம் இருக்கட்டும் வாத்தியாரே, பக்கத்துல உட்கார்ந்து கேட்கிற ஆளு எப்பவோ நின்னு போச்சு."

அந்தத் 'தமிழ் நேச'னோடு தொடர்புடைய இன்னொரு செய்தியையும் இங்கே நினைவுகூரலாம். தமிழ்ச் சிறுகதை உலகில் பெரும்பெயர் பெற்ற கு. அழகிரிசாமி 1952 முதல் 1957 வரை மலாயாவில் தங்கி, அந்த ஏட்டில் பணியாற்றினார். அக்காலத்தில் கோலாலம்பூரில் உள்ளூர் எழுத்தாளர்களைக் கூட்டி, கதைகளைப் படித்து, அவற்றைப் பற்றி விவாதிக்கச் செய்தார். அவருக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்த செய்தியே. அவர் பிறந்த இடைசெவல் என்னும் கரிசல்காட்டுச் சிற்றூரில்தான் கி. ராஜநாராயணனும் பிறந்தார். இருவரும் இளமை முதல் நண்பர்கள். படித்ததையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லி வளர்ந்தவர்கள். பின்னாளில் இருவருமே சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார்கள். ஒரு சிற்றூரில் இரண்டு பேர் கதை பேசிக்கொண்டதால் தமிழுக்குக் கிடைத்த பயன் இது என்றால் மிகையாகாது.

சரி, கதையைப் பற்றிப் பிறரிடம் எப்படிப் பேசுவது? இதில் பலர் செய்யும் பிழை, கதை முழுவதையும் சொல்லிவிடுவது. கேட்பவருக்குப் பிறகு படிக்க என்ன இருக்கிறது? மற்றொரு பிழை, "மிக அருமை, அவசியம் படியுங்கள்" என்று மட்டும் சொல்லி நிறுத்துவது. அதில் கேட்பவர் பற்றிக்கொள்ள ஒரு பிடிகூட இல்லை.

எங்கள் வட்டத்தில் மூன்று செய்திகளை மட்டும் சொல்வது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கதை எந்த இடத்தில், யாருக்கு நடக்கிறது என்பது முதலாவது. படிக்கும்போது நம்மை நிறுத்திவைத்த ஓர் இடம் எது என்பது இரண்டாவது. இதை யார் படித்தால் நல்லது என்று தோன்றுகிறது என்பது மூன்றாவது.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறோம். பெருமாள்முருகன் எழுதி 2016இல் வெளிவந்த 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' என்னும் நாவலைப் பற்றி எங்கள் பேருந்து ஓட்டுநர் பேசினார். "வறண்ட காட்டுல ஒரு கிழவனும் கிழவியும். எங்கிருந்தோ வந்த ஒருத்தன் கிழவன் கையில ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டியைக் கொடுத்துட்டுப் போறான். உள்ளங்கையில அடங்குற குட்டி. அதோட வாழ்க்கைதான் கதை. குட்டிக்கு அரசாங்கத்துக்கிட்ட காது குத்தி அடையாளம் வாங்கணும்னு வரிசையில நிக்கிறாங்க பாருங்க, அந்த இடத்துல நான் புத்தகத்தை மூடி வச்சுட்டேன். எங்கம்மா சிவப்பு அடையாளக் கார்டை வச்சுக்கிட்டு நின்ன வரிசை நினைவுக்கு வந்துடுச்சு. ஆடு வளர்க்கிறவங்க படிக்கலாம். அடையாளக் கார்டுக்கு அலைஞ்சவங்களும் படிக்கலாம்." இவ்வளவே அவர் சொன்னது. அன்றே அந்நூலுக்கு மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். கதையின் முடிவு என்னவென்று அவர் சொல்லவில்லை. நாமும் இங்கே சொல்லப்போவதில்லை.

இந்த மூன்றாவது செய்தி, அதாவது 'யாருக்கு' என்பது, பள்ளிப் பிள்ளைகளுக்கும் கடினமாகவே இருக்கிறது. நம் பள்ளிகளில் 'நிலாம்' என்னும் வாசிப்புத் திட்டம் உண்டென்பதைப் பெற்றோர் அறிவர். படித்த நூலின் தலைப்பு, ஆசிரியர் பெயர், சுருக்கம் ஆகியவற்றைப் பிள்ளைகள் பதிவு செய்வார்கள். நல்ல திட்டம், பழக்கத்தை உண்டாக்கும். ஆனால் நிறையப் பதிவு செய்திருந்த ஒரு மாணவனிடம், "இவற்றில் எதை உன் தங்கைக்குக் கொடுப்பாய்?" என்று கேட்டோம். அவன் ஏட்டை முன்னும் பின்னும் புரட்டினான். வெகுநேரம் கழித்து, "தெரியலீங்க ஐயா" என்றான். அவன்மேல் குற்றமில்லை. அந்தக் கேள்வியை அதுவரை நாம் யாரிடமும் கேட்டதில்லை.

இனி, நாமே செய்த ஒரு தவற்றைச் சொல்கிறோம். வானொலியில் பணியாற்றி, பின்னர்ப் பினாங்கில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ரெ. கார்த்திகேசு 2016இல் மறைந்தார். அவர் எழுதிய நாவல்களில் 'அந்திம காலம்' எங்களுக்கு மிகவும் பிடித்தது. புற்றுநோய் கண்ட ஒரு பெரியவரையும், நோயோடு போராடும் அவருடைய சின்னஞ்சிறு பேரனையும் பற்றிய கதை அது. மரணத்தை அருகிலிருந்து பார்த்து, அதைப் பதற்றமின்றி எழுதியிருப்பார் ஆசிரியர். படித்து முடித்த சூட்டில், பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு அந்நூலைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவருடைய கணவர் மருத்துவமனைக்குப் போய்வருகிறார் என்பது தெரியும். என்ன நோய் என்று கேட்டறியவில்லை. நல்ல இலக்கியம் எவருக்கும் ஆறுதல் தரும் என்று ஒரு நினைப்பு.

இரண்டாம் நாள், பழைய செய்தித்தாளில் சுற்றி, ஒரு மாணவன் கையில் நூல் திரும்பி வந்தது. ஒரு வரி எழுதப்படவில்லை. பல மாதங்கள் கழித்து, கணவரின் காரியங்களெல்லாம் முடிந்த பிறகு, அவரைச் சந்தித்தபோது மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. "கதை நல்ல கதையாத்தான் இருக்கும் ஐயா. அந்த நேரத்துல எனக்குப் புத்தகம் வேண்டியிருக்கல. யாராவது வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருந்தா போதும்" என்றார். அடுத்த ஆண்டு அவரே கேட்டு அந்நூலை வாங்கிப் படித்தார். தம் சகோதரிக்கும் கொடுத்தார். நூலும் மாறவில்லை, படித்தவரும் மாறவில்லை, காலம் மாறியிருந்தது. ஆகவே, நூலைக் கொடுக்குமுன் ஆளை மட்டுமல்லாமல் நேரத்தையும் பார்க்கவேண்டும் என்பதை அன்று கற்றோம்.

சில நேரங்களில் நாம் அஞ்சித் தயங்கும் நூலே ஒருவருக்கு வேண்டியதாக அமைவதும் உண்டு. 1942, 1943 ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டார்கள். போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. இதை வைத்து ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலையும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்ற நாவலையும் எழுதியிருக்கிறார்கள். வரலாற்றுப் பாடநூலில் ஓரிரு வரிகளில் அடங்கிவிடும் செய்தி, இவற்றில் பசியாகவும் காய்ச்சலாகவும் மழையாகவும் நம்முன் நிற்கிறது.

எங்கள் லயத்தில் எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். கண்பார்வை மங்கிவிட்டது. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அவருடைய பேத்தி 'சயாம் மரண ரயி'லை எங்களிடம் வாங்கிச் சென்று, இரவில் சத்தமாகப் படித்திருக்கிறாள். மறுநாள் பாட்டி பள்ளிக்கே வந்துவிட்டார். "வாத்தியாரே, எங்கப்பா போன ரயிலா இது?" என்று கேட்டார். நாங்கள் என்ன சொல்வதென்று அறியாமல் நின்றோம். வலியைக் கிளறிவிட்டோமோ என்று அஞ்சினோம். பாட்டி திண்ணையில் அமர்ந்து மெல்லச் சொன்னார். அவருடைய தந்தை சயாமுக்குப் போனபோது அவர் கைக்குழந்தை. தந்தை இறந்தார் என்று யாரும் வந்து சொல்லவில்லை. அதனால் அவருடைய தாயார் சாகும்வரை தாலியைக் கழற்றவே இல்லையாம். "அம்மா பைத்தியக்காரின்னு நெனச்சேன் வாத்தியாரே. இந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் தெரியுது. அங்க இருந்து யாரு வந்து சொல்லியிருக்க முடியும்?" என்றார்.

அன்று பேத்தியும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்துக் கதையை அவள் அதற்குமுன் கேட்டதே இல்லை. நாவல் முடிந்த பிறகும் பாட்டியும் பேத்தியும் இரவு நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்ததாக, சிங்கப்பூர் வானொலியில் தொடராக ஒலித்துப் பின்னர் நூலாக வந்த பி. கிருஷ்ணனின் 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி'யைக் கொடுத்தோம். இம்முறை சிரிப்புச் சத்தம் அடுத்த வீடு வரை கேட்டதாம். கனமான நூலுக்குப் பின் இலேசான நூல் ஒன்றைக் கொடுப்பதும் ஒரு முறையே.

பெற்றோர்களுக்கு என்று கேட்டால், இமையம் எழுதிய 'செல்லாத பண'த்தைச் சொல்வோம். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் இது. தலைமையாசிரியர் ஒருவரின் மகள், படித்த பெண், பெற்றோர் விரும்பாத ஒருவரைத் திருமணம் செய்துகொள்கிறாள். பிறகு தீக்காயங்களோடு மருத்துவமனையில் கிடக்கிறாள். கையில் பணம் இருக்கிறது. அதை வைத்து எதையும் செய்ய முடியவில்லை. மருத்துவமனை வாசலில் பெற்றவர்கள் காத்திருக்கும் அந்த நாள்களைப் படித்த எங்கள் பாலர்பள்ளி ஆசிரியை, "பிள்ளைகளோட பேசறதை நாளைக்குன்னு தள்ளி வைக்கக்கூடாதுன்னு தோணுச்சு" என்றார். ஆனால் இந்த நூலையும் கேட்டறிந்தே கொடுக்கிறோம். அத்தகைய துயரம் நேர்ந்த வீட்டுக்கு இதைக் கொண்டுபோகமாட்டோம். முன்பு செய்த தவறு நினைவில் இருக்கிறது.

தோட்ட வாழ்க்கையைத் தோட்டத்து மனிதனின் மனத்துக்குள்ளிருந்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சீ. முத்துசாமியின் 'மண் புழுக்கள்' நாவலைச் சொல்வோம். 2017இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருதைப் பெற்றவர் இவர். முதல் வாசிப்பில் சற்றுக் கடினமாக இருக்கலாம். ஆனால் லயத்துப் பேச்சு அச்சில் ஏறியிருப்பதைக் கண்டு மண்டோர் ஐயா, "நம்ம பேச்சுக்கும் புத்தகத்துல இடம் உண்டா?" என்று வியந்தார்.

இந்த மண்டோர் ஐயாதான் எங்களுக்குப் பெரிய பாடத்தையும் கற்பித்தார். ஒரு சனிக்கிழமை, கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' என்னும் சிறுகதையை வட்டத்தில் வாய்விட்டுப் படித்தோம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்து அவர்களோடு கலந்து பழகும் ஒருவரே அக்கதையைச் சொல்கிறார். பிள்ளைகள் அனைவரும் அவர்மேல் உயிராக இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் சாரங்கன் என்று ஒரு பையன். அவனும் அவர்மேல் அன்பு வைத்திருக்கிறான். ஆனால் பரிசு கொடுக்கும் நேரத்தில் அவன் பெயர் அவருக்கு நினைவில் வருவதில்லை. அந்தப் பிள்ளை தன் குறையை எப்படித் தீர்த்துக்கொள்கிறான் என்பது கதையின் முடிவு. படிக்காதவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கதை முடிந்ததும் யாரும் பேசவில்லை. மண்டோர் ஐயா மட்டும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சரிங்க, உங்க வகுப்புல அந்தப் பையன் யாரு வாத்தியாரே?" என்று கேட்டார்.

"எங்கள் வகுப்பில் அப்படி யாரும் இல்லை" என்று சொல்லிவிட்டோம். ஆனால் கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. திங்கட்கிழமை காலையில், வகுப்பு நூல் மூலையில் உள்ள இரவல் ஏட்டை எடுத்துப் பார்த்தோம். எந்தப் பிள்ளைக்கு எந்த நூல் எந்த நாளில் கொடுத்தோம் என்று அதில் குறித்து வருகிறோம். பள்ளி தொடங்கிய நாள் முதல் அன்றுவரை ஒரே ஒரு பெயருக்கு எதிரே ஒரு நூலும் எழுதப்படவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பையன் அவன். கடைசி வரிசை. ஒவ்வொரு முறையும் நூல் கொடுக்கும்போது, "உனக்குப் பிறகு, முதலில் வாசிக்கப் பழகு" என்று நாமே சொல்லியிருக்கிறோம். வாசிக்கப் பழகுவதற்குத்தான் நூல் வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதலாண்டிலேயே நமக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. சொல்லிக் கொடுத்தது ஏட்டில் இருந்தது. பையன் கடைசி வரிசையில் இருந்தான்.

உடனே ஒரு நூலை அவன் கையில் திணித்துவிடவில்லை. அழகிரிசாமியின் இன்னொரு கதையான 'ராஜா வந்திருக்கிறார்' என்பதை, இடைவேளையில் மூன்று நாள் பகுத்து, அவனுக்கும் அவனோடு அமர்ந்த இருவருக்கும் வாயால் சொன்னோம். ஏழைக் குடும்பம் ஒன்று தீபாவளிக்கு முந்திய இரவில், தங்களைவிட ஏழையான ஓர் அநாதைச் சிறுவனை ஏற்றுக்கொள்ளும் கதை அது. சிறுவனுக்கு உடுத்த எதுவுமில்லை என்ற கட்டம் வந்தபோது, இவன் முதன்முறையாக வாய்திறந்து, "அப்புறம் என்ன கொடுத்தாங்க ஐயா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகவே நாங்கள் காத்திருந்தோம். அதன் பிறகு பெரிய எழுத்தில் அச்சிட்ட மெல்லிய கதைநூல் ஒன்றில் அவன் பெயரை எழுதிக் கொடுத்தோம்.

ஒரு வாரத்தில் திருப்பித் தரவேண்டும் என்பது விதி. ஒரு வாரம் கழித்து வந்து, "பாதிதான் முடிஞ்சுச்சு ஐயா. இன்னும் ஒரு வாரம் வச்சுக்கட்டுமா?" என்றான். மூன்று முறை இப்படி நீட்டித்தோம். இரவல் ஏட்டில் அவன் பெயருக்கு எதிரே இப்பொழுது ஒரே நூலின் பெயர் மூன்று முறை எழுதப்பட்டிருக்கிறது.

நேயர்களே, உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வட்டத்தைத் தொடங்க விரும்பினால் சில நடைமுறைகளைச் சொல்லி முடிக்கிறோம். பெருங்கூட்டம் வேண்டாம், நான்கு பேர் போதும். ஒவ்வொரு நூலின் பின்னட்டை உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டுங்கள். படித்தவர் தம் பெயரையும், தம்மை நிறுத்திவைத்த பக்கத்தின் எண்ணையும் மட்டும் எழுதட்டும். அடுத்து அந்நூலைப் பெறுபவர் அந்தப் பக்கத்துக்கு வரும்போது முன்னவரை நினைத்துக்கொள்வார். நூலைக் கொடுத்தபின் "படித்தாயிற்றா?" என்று துரத்தாதீர்கள். பாதியில் நிறுத்துபவருக்கும் வட்டத்தில் இடம் இருக்கட்டும். படிக்க இயலாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். இயன்றபோது நூலைக் காசு கொடுத்து வாங்குங்கள். நம் நாட்டு எழுத்தாளர் பலர் தம் கைப்பணத்தைப் போட்டே நூல் அச்சிடுகிறார்கள். புலனக் குழுவில் அட்டைப்படத்தை அனுப்புவது நல்லதுதான். ஆனால் ஒருவருக்கென்று எண்ணி, "இது உங்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால்…" என்று தொடங்கிச் சொல்லும் சொல்லுக்கு அது ஈடாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாதம் ஒருமுறை உங்கள் இரவல் ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். ஏடு இல்லையென்றால் மனத்தில் புரட்டிப் பாருங்கள். வீட்டில், லயத்தில், அலுவலகத்தில், இதுவரை நாம் ஒரு கதையும் கொடுக்காத பெயர் ஒன்று அங்கே இருக்கும். அடுத்து நீங்கள் படிக்கும் கதையை அந்த ஒருவரை நினைத்துக்கொண்டு படியுங்கள்.